பள்ளி திறக்க ஒரு மனு

கலிபோர்னியாவின் பே ஏரியாவுக்கு, அதாவது சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பகுதிக்கு, குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பார்த்துவிடுகின்றன. இங்கே பிள்ளை எந்த அரசுப் பள்ளிக்குப் போவான் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறொரு பள்ளி. இணையத்தில் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்து, அதற்கேற்ற வாடகையைக் கொடுத்துவிட்டு, அதோடு பள்ளியைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று பலரும் இருந்துவிடுகிறோம். அந்தப் பள்ளியை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது, புதிதாக ஒரு பள்ளி வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றுகின்றன. இந்த ஊரில் எனக்கு முதன்முதலாக வேர் பிடித்தது அந்தக் கேள்விகளின் வழியாகத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். கணவரின் வேலை விசாவோடு ஒட்டிய விசாவில் இங்கே வந்தேன். எங்கள் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில் ஒரு சனிக்கிழமை, இரண்டு தாய்மார்கள் அட்டையில் செருகிய தாள்களோடு வந்தார்கள். சார்ட்டர் பள்ளி என்ற வகையில் ஒரு பொதுப் பள்ளி தொடங்க மனுக் கொடுக்கப்போவதாகவும், பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார்கள். தாளின் மேற்பகுதியில், கையெழுத்திடும் பெற்றோர் தம் பிள்ளையை இந்தப் பள்ளிக்கு அனுப்புவதில் உண்மையான அக்கறை கொண்டவர் என்று பொருள்படும் ஒரு வாசகம் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. சட்டப்படி அந்த வாசகம் இருந்தே தீர வேண்டும். முதல் ஆண்டில் எத்தனை மாணவர்கள் சேர்வார்கள் என்று மனுவில் சொல்கிறார்களோ, அதில் பாதி எண்ணிக்கைக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அல்லது வேலைக்கு எடுக்கப்போகும் ஆசிரியர்களில் பாதிப் பேரின் கையெழுத்து வேண்டும். குடியுரிமை யாரும் கேட்பதில்லை. பெற்றோராக இருந்தால் போதும்.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் இருக்கும் தம்பி ஒருவர், வாணியம்பாடிக்காரர், உடனே கையெழுத்திட்டுவிட்டு, "போடுங்கள் அக்கா, நல்லதுக்குத்தானே" என்றார். நான் முழு மனுவையும் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தத் தாய்மார்கள் முகம் சுளிக்கவில்லை. அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார்கள். முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தது.

சார்ட்டர் பள்ளி என்பது தனியார் பள்ளி அன்று. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, மதச் சார்பு கூடாது. ஆனால் அதைப் பெரும்பாலும் நடத்துவது உள்ளூர்ப் பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்பு, அல்ல. லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. பாடத்திட்டத்திலும் வேலைநேரத்திலும் அதற்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. பதிலுக்கு, சொன்ன விளைவுகளைக் காட்டாவிட்டால் அனுமதியை இழக்கும். 1991இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது, 1992இல் கலிபோர்னியா பின்தொடர்ந்தது. இன்று இந்த மாநிலத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன. லாப நோக்குள்ள நிறுவனங்கள் அவற்றை நடத்துவதை 2019 ஜூலை முதல் சட்டம் தடுத்துவிட்டது.

மனுவை நான் ஆசிரியையின் கண்ணோடுதான் படித்தேன். என்ன கற்பிப்பார்கள், எப்படி அளப்பார்கள், நிர்வாகக் குழுவில் யார் இருப்பார்கள், ஆசிரியர்களின் தகுதி என்ன, ஓய்வூதியம் என்ன, ஒரு மாணவனை எந்தக் குற்றத்துக்கு எந்த நடைமுறைப்படி இடைநீக்கம் செய்வார்கள் என்று சட்டம் வரிசையாகக் கேட்கிறது. முதலாண்டு வரவு செலவுத் திட்டமும் மூன்று ஆண்டுகளுக்கான நிதிக் கணிப்பும் இணைக்க வேண்டும். என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த பகுதி கடைசியில் இருந்தது. பள்ளியை மூட நேர்ந்தால் மாணவர்களின் பதிவேடுகளை யாரிடம் ஒப்படைப்பார்கள், மீதமிருக்கும் சொத்துகளை எப்படிக் கையாள்வார்கள், பெற்றோருக்கு எப்படித் தெரிவிப்பார்கள் என்பதையும் திறப்பதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். பாதி ஆண்டில் இழுத்து மூடப்பட்ட நர்சரிப் பள்ளிகளின் வாசலில் மாற்றுச் சான்றிதழுக்காக நின்ற பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பகுதிக்காகவே இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மீது எனக்கு மதிப்பு வந்தது.

நம் ஊரில் பள்ளி அங்கீகாரம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது சான்றிதழ்கள்: கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. 2004இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு அந்தச் சான்றுகளின் கனம் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். இங்கே மனுக் கொடுக்கும்போது பெரும்பாலும் கட்டடமே முடிவாகியிருக்காது; எந்தப் பகுதியில் அமைக்க எண்ணுகிறோம் என்று சொல்கிறார்கள். கட்டடம் பின்னால் வருகிறது. 2000இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 39ஆம் முன்மொழிவின்படி, மாவட்டத்துக்குள் இருக்கும் மாணவர்கள் சராசரியாக 80 பேராவது வருகின்ற சார்ட்டர் பள்ளிக்கு மாவட்டமே இடம் ஒதுக்க வேண்டும். முதலில் எண்ணத்தைச் சோதிக்கிறார்கள், பிறகுதான் சுவரை. கட்டடத்துக்குச் சான்று வாங்கியாயிற்றா என்று மட்டுமே கேட்கப்பட்டுப் பழகிய எனக்கு, "வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு என்ன செய்வாய்?" என்று முதலில் கேட்கும் முறை பிடித்திருந்தது.

மனு பள்ளி மாவட்டத்தின் வாரியத்திடம் போகிறது. அந்த வாரிய உறுப்பினர்கள் அந்தப் பகுதி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மனு வந்த 60 நாட்களுக்குள் பொதுக் கூட்டம் ஒன்றில் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். இதற்கிடையே பாடத்திட்டம், நிதி, சிறப்புக் கல்வி, சட்டம் என்று ஒவ்வொன்றும் தெரிந்த அலுவலர்கள் மனுவைப் பிரித்து மேய்கிறார்கள். அவர்களுடைய அறிக்கையை, முடிவெடுக்கும் கூட்டத்துக்கு 15 நாட்களுக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அறிக்கை பாதகமாக இருந்தால் அதற்குப் பதில் சொல்ல மனுதாரர்களுக்கும் அலுவலர்களுக்கு இணையான நேரம் கூட்டத்தில் தரப்பட வேண்டும்.

பொதுக் கூட்டத்துக்கு நானும் போனேன். பிரவுன் சட்டம் என்று 1953இலேயே வந்த ஒரு சட்டம் இங்கே இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளின் வழக்கமான கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும், மக்களைப் பேசவிட வேண்டும், உள்ளே வருவதற்குப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. வாக்குரிமை இல்லாத, கிரீன் கார்டு வரிசையில் எங்கோ நிற்கிற நான் அந்த ஒலிவாங்கியின் முன்னால் போய் நிற்கலாம் என்பதைக் கணவர் முதலில் நம்பவில்லை. "விசாவுக்கு ஏதும் ஆகிவிடாதா?" என்று கேட்டார். கூட்டத்தில் பேசுவது சட்டப்படி இங்கே வசிக்கும் எவருக்கும் உள்ள உரிமை என்று அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அரங்கு நிறைந்திருந்தது. மனுவை ஆதரித்தவர்கள் ஒரே நிறச் சட்டையில் வந்திருந்தார்கள். எதிர்த்தவர்களில் மாவட்டப் பள்ளி ஆசிரியர்கள் அதிகம். ஒருவர் எழுந்து, தன் பள்ளியில் ஏற்கெனவே பிள்ளைகள் குறைந்துவருவதையும், இன்னும் குறைந்தால் நூலகரையும் மனநல ஆலோசகரையும் இழப்போம் என்பதையும் நிதானமாகச் சொன்னார். கலிபோர்னியாவில் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்கு மாணவர் வருகைக் கணக்கை வைத்தே பணம் வருகிறது. பிள்ளை சார்ட்டர் பள்ளிக்கு மாறினால் அவன் பின்னாலேயே பணமும் மாறும். ஆனால் விட்டுவந்த பள்ளியின் மின்கட்டணமும் கூரைப் பழுதும் அதே அளவில்தான் இருக்கும். வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் பகுதியில் அது சின்ன விஷயமில்லை.

அடுத்து வந்தவர் ஸ்பானிய மொழியில் பேசிய ஒரு தாய். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்கு மற்றவர்களைப் போல் இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. தன் மகள் ஐந்தாம் வகுப்பு வந்தும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்து முடிக்க முடியவில்லை, ஒவ்வோர் ஆண்டும் "முன்னேறிவருகிறாள்" என்று மட்டும் சொல்கிறார்கள், எனக்கு வேறொரு கதவு வேண்டும் என்றார். அரங்கில் இரு பக்கமும் அமைதியாக இருந்தது. ஆசிரியர் சொன்னதும் உண்மை, இந்தத் தாய் சொன்னதும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியம் எழுத்தில் காரணம் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் ஒரே கேள்வி கேட்டேன். மனுவில் முதல் ஆண்டே வகுப்புகள் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பாதிதான் சேர்ந்தால் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான தனி ஆசிரியரை வைத்துக்கொள்வீர்களா, நிறுத்திவிடுவீர்களா? பதில் அன்று கிடைக்கவில்லை. பொதுக் கருத்து நேரத்தில் பதில் சொல்வது வழக்கமில்லை. ஆனால் அலுவலர் அறிக்கையில் அந்தக் கேள்வியை ஒட்டிய ஒரு பத்தியைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

வாரியம் தன் விருப்பப்படி மறுத்துவிட முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றையாவது, இந்த மனுவுக்கே உரிய உண்மைகளோடு எழுதிக் காட்ட வேண்டும்: கல்வித் திட்டம் வலுவற்றது, நடத்திக்காட்டும் திறன் இவர்களுக்கு இல்லை, கையெழுத்து போதவில்லை, விவரங்கள் முழுமையாக இல்லை என்பன போல. 2019இல் வந்த ஏபி 1505 என்ற சட்டம் இன்னும் இரண்டைச் சேர்த்தது. புதிய பள்ளி அந்தச் சமூகம் முழுவதன் நலனுக்கும் பொருந்துமா என்று பார்க்கலாம். நிதி நெருக்கடியில் இருக்கும் மாவட்டம் அந்தச் சுமையைத் தாங்குமா என்றும் பார்க்கலாம். சார்ட்டர் ஆதரவாளர்கள் இதைக் கதவடைப்பு என்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. என் பிள்ளைக்கு நல்லது என்பது பக்கத்துத் தெருப் பிள்ளையிடமிருந்து எதை எடுக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதும் அதே 2019இல் தெரிந்தது. ஏ3 என்ற இணையவழி சார்ட்டர் பள்ளிக் கூட்டமைப்பின் மீது சான் டியாகோவில் 11 பேருக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. மாநிலத்திடமிருந்து சுமார் 40 கோடி டாலர் அந்தப் பள்ளிகளுக்குப் போயிருந்தது. அவற்றுக்கு அனுமதி தந்தவற்றில் மிகச் சிறிய மாவட்டங்களும் இருந்தன. மேற்பார்வைக்கென்று பள்ளியின் வருவாயில் ஒரு பங்கு அனுமதி தருகிறவர்களுக்கு வரும். மாவட்டம் சிறியது, பள்ளியோ பெரியது என்றால் அந்தப் பணம் கண்ணை மறைத்துவிடுகிறது.

எங்கள் பகுதி மனு மறுக்கப்பட்டது. சேர்க்கைக் கணிப்பு மிகையானது, ஆங்கிலம் கற்போருக்கான திட்டம் தெளிவில்லை என்று அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. மறுத்த 30 நாட்களுக்குள் கவுண்டி (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பகுதி) கல்வி வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கே மனுவைப் புதிதாகவே மதிப்பிடுவார்கள். அங்கும் மறுத்தால் மாநில வாரியம். ஆனால் 2020க்குப் பிறகு மாநில வாரியம், உள்ளூரில் அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதா என்பதை மட்டுமே பார்க்கிறது. லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் 2003இல் ஒரு தொடக்கப் பள்ளி மூடப்பட்டபோது பெற்றோர்கள் போட்ட மனுவை மாவட்டம் மறுத்தது, சான்டா கிளாரா கவுண்டி ஏற்றது. புல்லிஸ் சார்ட்டர் பள்ளி 2004இல் திறந்தது. இடத்துக்கான வழக்குகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் நடந்தன. எல்லா மாநிலங்களிலும் இப்படியில்லை. நியூஜெர்சியில் இருக்கும் என் அக்காவிடம் கேட்டால், அங்கே மாநிலக் கல்வி ஆணையர்தான் முடிவெடுக்கிறார் என்கிறாள். டெக்சாஸிலும் ஆணையர்தான் தேர்வு செய்கிறார். மாநில வாரியம் அதைத் தள்ளிவிடலாம். தொலைவில் ஓர் அலுவலகம் முடிவு செய்வதைவிட, கடையில் எதிர்ப்படும் மனிதர்கள் முடிவு செய்வது எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. அவர்களிடம் மறுநாளே காரணம் கேட்க முடியும்.

அந்தத் தாய்மார்கள் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. மறுப்பு அறிக்கையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மனுவைத் திருத்தி எழுதினார்கள். சேர்க்கை குறைந்தால் எதை முதலில் குறைப்போம், எதைக் குறைக்கவே மாட்டோம் என்று ஒரு பட்டியல் புதிய மனுவில் இருந்தது. இந்த முறை நான் கையெழுத்திட்டேன். மனு ஐந்து ஆண்டுகளுக்கு ஏற்கப்பட்டது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் வந்ததால், சட்டப்படி எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் நடத்தினார்கள். என் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் தன் பழைய பள்ளியிலேயே படிக்கிறான், அங்கே நானும் வாரம் ஒரு நாள் கணக்குப் பாடத்துக்கு உதவப் போகிறேன். ஸ்பானிய மொழியில் பேசிய அந்தத் தாயின் இளைய மகனுக்குப் புதிய பள்ளியில் இடம் கிடைத்தது.

சார்ட்டர் பள்ளிகள் தங்கள் கணக்குத் தணிக்கை அறிக்கையை ஆண்டுதோறும் டிசம்பர் 15க்குள் அனுமதி தந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அது பொது ஆவணம், யார் கேட்டாலும் கிடைக்கும். புதிய பள்ளியின் முதல் அறிக்கை வந்ததும் வாங்கி, தனி ஆசிரியருக்கான பணம் அதில் இருக்கிறதா என்று நானும் வாணியம்பாடித் தம்பியும் சேர்ந்து பார்க்கப்போகிறோம்.