ஒரே துப்பாக்கி, மூன்று தோள்கள்: பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டும் மரக்கட்டை செய்து பார்த்த அனுபவம்

துப்பாக்கிக்குக் கட்டை, அதாவது கையில் பிடித்துத் தோளில் ஊன்றும் மரப்பகுதி, செய்யப் புறப்படுகிறவர் பெரும்பாலும் எந்த மரம் என்றுதான் முதலில் யோசிப்பார். பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டும் கட்டை என்றால், மரத்தைத் தேடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது: எந்தப் பகுதியை எக்காலத்திலும் கழற்றக் கூடாது என்பது. இதை உறுதி செய்துகொள்ளாமல் வரைந்த படங்கள் எல்லாம் பார்க்க அழகாக இருந்தன; ஆனால் எங்கு பார்த்தாலும் மூட்டாக இருந்தது.

எங்கள் கடலூர் வீட்டில் இருப்பது 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி, குழலை மடக்கிச் சுருளை ஏற்றும் வகை. ஆயுத விதிகள் 2016-இன்படி, இந்தக் குழல் அளவில் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. கொல்லையில் மதில் சுவரை முதுகாக வைத்து, ஈயக் குண்டுகளைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி ஒன்றை நிறுத்தி, 10 மீட்டர் தொலைவில் காகித இலக்கைச் சுடுவதுதான் எங்கள் பயிற்சி. நான், என் மனைவி, பள்ளியில் படிக்கும் தம்பி மகள் ஆகிய மூவரும் இதே துப்பாக்கியைத்தான் பயன்படுத்துகிறோம். எனக்கு ஏற்ற கட்டை அவளுக்கு நீளம். கன்னத்தை வைத்தால் பார்வைக் குறிக்குக் கண் எட்டாது. "பெரியப்பா, நான் துப்பாக்கியைப் பிடிக்கிறேனா, துப்பாக்கி என்னைப் பிடிக்கிறதா?" என்று அவள் கேட்ட பிறகு வேலையைத் தள்ளிப்போட முடியவில்லை. மரப்பகுதியை மட்டுமே மாற்றினேன். சுருள், குழல், விசை எதையும் தொடவில்லை.

நான் படித்துக் கற்றது பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகளின் கட்டைகளைப் பற்றியதே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கு இடமில்லை, அது இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனாலும் கட்டையின் அளவுகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. கழற்றி மாட்டும் கட்டை ஏதோ நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்கள், நம் காவல்துறையிலும் என்.சி.சி.யிலும் நெடுங்காலம் புழங்கிய லீ-என்ஃபீல்டு .303 துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். அதன் பின்கட்டை தனித்துண்டு. பின்முனைத் தகட்டில் உள்ள சிறு வாயைத் திறந்து நீண்ட திருப்புளியை உள்ளே விட்டால், ஒரே போல்ட்டில் கட்டை கழன்றுவிடும். நெட்டை, நடுத்தரம், குட்டை என்று பின்கட்டையை வெவ்வேறு நீளங்களில் செய்து, சிப்பாயின் கைநீளத்துக்கு ஏற்றதை மாட்டிக் கொடுத்தார்கள். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் இவ்வகைத் துப்பாக்கிகள் உருவாயின. என் பின்கட்டையின் நீண்ட போல்ட் அங்கிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

கழற்றக் கூடாத பகுதி எது என்பதைத் துப்பாக்கியே சொல்லிவிட்டது. குழலை மடக்கும் வகையில், இயக்கப் பகுதியை, அதாவது குழலும் சுருளும் விசையும் சேர்ந்த உலோகப் பகுதியை, கட்டையோடு பிணைக்கும் திருகுகளில் இரண்டு, முன்கட்டையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. மற்றவை விசைக்காப்பின் அருகில் இருக்கின்றன. முன்கட்டைக்கு அடியில், மடக்கும் நெம்புகோல் போய்வர நீண்ட பிளவு உண்டு. ஆகவே முன்கட்டையைத் தனித்துண்டாக்கினால் திருகுகள் இரு வேறு துண்டுகளில் போய் அமரும். போதாததற்கு, சுருள் துப்பாக்கியின் அதிர்வு இரட்டை அதிர்வு. சுருள் தள்ளும் உலக்கை (பிஸ்டன்) முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படும். முன்னால் அடைபட்ட காற்றில் உலக்கை மோதி நிற்கும் கணத்தில் துப்பாக்கி முன்னே இழுபடும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்த அசைவு தொடங்கிவிடுவதால், இயக்கப் பகுதி மரத்தில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இலக்கில் தெரியும். முன்கட்டையின் முனையிலிருந்து விசைக்குப் பின்னால் இரண்டு விரற்கடை வரை ஒரே மரம் என்று முடிவு செய்தேன். இதை நடுக்கட்டை என்கிறேன். பின்கட்டை, கைப்பிடி, கன்னக்கட்டை, தோள்தகடு, இடது உள்ளங்கையைத் தாங்கும் துண்டு ஆகியவை அதைச் சுற்றி மாறலாம்.

இந்தப் பிரிப்பினால் கிடைத்த பெரிய ஆதாயம் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ஒரே மரத்தில் செதுக்கிய கட்டை உடைந்தால் பெரும்பாலும் கழுத்தில்தான், அதாவது பெருவிரல் சுற்றிப் பிடிக்கும் மெலிந்த இடத்தில்தான் உடையும். கட்டையின் நீளவாட்டில் ஓடும் நார், கைப்பிடி கீழே வளையும் இடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டை நாராகிவிடுவதே காரணம். நல்ல வேட்டைக் கட்டை செய்பவர்கள், நார் கழுத்தோடு சேர்ந்து இயற்கையாகவே வளைந்து ஓடும் வால்நட் பலகையைத் தேடி அலைந்து பெருவிலை கொடுப்பது இதற்காகத்தான். துண்டு துண்டாகச் செய்யும்போது அந்தத் தேடலே வேண்டாம். கைப்பிடியின் நார் கைப்பிடியின் சாய்விலேயே ஓடும்படியும், பின்கட்டையின் நார் நேராகத் தோளை நோக்கி ஓடும்படியும் தனித்தனியே அறுத்துக்கொள்ளலாம். அதற்கு மூன்றடி நீளமும் இரண்டரை அங்குலக் கனமும் உள்ள பழுதில்லாத பலகையும் தேவையில்லை. சிறு துண்டுகள் போதும்.

மரம் புதுச்சேரியிலிருந்து வந்தது. இடித்த பழைய வீடுகளின் உத்திரங்களையும் நிலைகளையும் வாங்கி விற்கும் கடை ஒன்றில், வைரம் பாய்ந்த தேக்கு உத்திரத் துண்டு கிடைத்தது. பல்லாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரத்துக்கு நிகராக எந்தச் சூளையிலும் காயவைக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னார். அவர் வியாபாரி என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொண்டேன். தேக்கை நான் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்போது தேக்கு அகலவாட்டில் சுருங்குவது ஆரப்போக்கில் (மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுமார் 2.5 விழுக்காடும் வளையப்போக்கில் (வளர்ச்சி வளையங்களை ஒட்டி) சுமார் 5.8 விழுக்காடும்தான். மலிவான கட்டைகளுக்குப் பயன்படும் பீச் மரம் வளையப்போக்கில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். ஐப்பசியில் ஊறிச் சித்திரையில் காயும் எங்கள் கடற்கரைக்கு இந்த வேறுபாடு முக்கியம். பழைய மரத்தில் புதைந்த ஆணிகளைக் காந்தம் கட்டிய நூலால் தடவிக் கண்டுபிடித்த பிறகே ரம்பத்துக்குக் கொடுத்தேன். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்துப்போயிருக்கும், அந்தக் கறையைப் போக்க வழியில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான்.

கைப்பிடிக்கும் கன்னக்கட்டைக்கும் பூவரசு. இது கடலூர் முதுநகரில் படகு வேலை செய்து ஓய்ந்த ஆசாரி ஒருவரின் யோசனை. "தேக்கு கையில சொரசொரன்னுதான் இருக்கும் சார், பூவரசுல ஒரு துண்டு இழைச்சுப் பாருங்க" என்று தம்மிடமிருந்த துண்டையே கொடுத்தார். வைரப்பகுதி கருஞ்சிவப்பாக, நெருங்கிய நாரோடு, உப்புத்தாள் போட்டதும் வழுவழுப்பாக வந்தது. தேக்கின் சில பலகைகளில் மணல்சத்து இருப்பதால் உளியின் முனை விரைவில் மழுங்குகிறது. பூவரசில் அந்தத் தொல்லை இல்லை. ஆரோவில் பக்கம் 'வொர்க் ட்ரீ' என்று அழைக்கும் ஆஸ்திரேலிய அகேசியாவையும் பார்த்தேன். நிறம் அருமை, ஆனால் என் கைக்கு வந்த துண்டுகள் இளமரம். அறுத்த மறுவாரமே முறுக்கிக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

மூட்டுகளில் அதிகம் யோசித்தது பின்கட்டை மூட்டுக்குத்தான். மரம் நாரின் நீளவாட்டில் பருவத்துக்குப் பருவம் நீள்வதும் சுருங்குவதும் கணக்கில் கொள்ளத் தேவையற்ற அளவே. எனவே நாரோடு இணையாக ஓடும் போல்ட், மழையிலும் வெயிலிலும் தன் இறுக்கத்தை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கும். குறுக்கே போகும் திருகுதான் தளரும். பின்கட்டையின் நடுவே 8 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை நீளவாட்டில் செலுத்தி, நடுக்கட்டையின் குறுக்கே புதைத்த உருளை நட்டில் முடுக்கினேன். கட்டில் கால்களில் மரவேலைக்காரர்கள் போடும் அதே உருளை நட்டுதான், சற்றுப் பெரிது. கட்டை சுழலாமல் இருக்க, சேரும் முகங்களில் 6 மி.மீ. ஆழத்தில் நாக்கும் காடியும் வெட்டினேன். திரும்பத் திரும்பக் கழற்றும்போது மரமுகம் நசுங்கும் என்பதால், இரு முகங்களிலும் 3 மி.மீ. பித்தளைத் தகடு பதித்திருக்கிறேன். லேத் பட்டறையில் தகடுகளை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் துளையிடச் சொன்னது நல்லதாயிற்று; மூட்டில் ஒரு காகிதத் துணுக்கைக்கூட நுழைக்க முடியவில்லை.

இயக்கப் பகுதியைப் பிடிக்கும் திருகுகள் நாருக்குக் குறுக்கே போவதைத் தவிர்க்க இயலாது. அங்கெல்லாம் திருகு மரத்தை அழுத்தாமல் உலோகத்தையே அழுத்தும்படி, மரத்தின் கனத்துக்குச் சமமான அலுமினியக் குழாய்த் துண்டுகளை எபாக்சிப் பசையில் பதித்தேன். தேக்கில் இயற்கையாக எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுமிடத்தை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டிவிட வேண்டும். இயக்கப் பகுதிக்கு மெழுகு தடவி, அது அமரும் பள்ளத்தில் எபாக்சியை மெல்லிய படுகையாக ஊற்றி அழுத்தி வைத்தேன். இந்த ஒரு வேலையில் மட்டும் யாரும் அவசரப்படக் கூடாது. மெழுகு விடுபட்ட இடத்தில் துப்பாக்கியும் கட்டையும் பிரியாமல் ஒட்டிப்போகும்.

அளவுகளுக்கு வருகிறேன். விசையிலிருந்து தோள்தகட்டின் நடு வரை எனக்கு 345 மி.மீ., மனைவிக்கு 325, தம்பி மகளுக்கு 305 என்று வைத்தோம். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் ரேகை வரை அளக்கும் பழைய முறை ஒரு தொடக்கத்தைத் தருமே தவிர முடிவைத் தராது. கழுத்தின் நீளமும் நிற்கும் விதமும் அதில் அடங்குவதில்லை. பின்கட்டையை 305-க்கே செய்து, மற்றவர்களுக்கு 20 மி.மீ. இடைத்தகடுகளைச் சேர்த்துக்கொள்கிறோம். கன்னக்கட்டை இரண்டு 10 மி.மீ. எஃகுக் கம்பிகளில் நின்று பித்தளைக் குழாய்களில் ஏறி இறங்குகிறது. பக்கத்திலிருந்து ஒரு திருகு அதைப் பிடிக்கிறது. உயரத்தைச் சரிபார்க்கக் கண்ணை மூடிக் கன்னத்தை வைத்துத் தலையைத் தளர விட்டு, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பார்வைக் குறிகள் நேர்க்கோட்டில் தெரிந்தால் உயரம் சரி. தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் கட்டையை ஏற்ற வேண்டும். அதிர்வு மிகுந்த வேட்டைத் துப்பாக்கியில் கன்னக்கட்டையின் மேல்விளிம்பு முன்னோக்கித் தாழ்ந்து சாய்ந்திருந்தால், பின்னுக்கு வரும்போது கன்னத்தில் அடிக்காமல் விலகும். காற்றுத் துப்பாக்கிக்கு அது தேவையில்லை என்பதால் சமமாகவே விட்டேன்.

உள்ளங்கைத் தாங்கியை நெம்புகோல் பிளவு முடியுமிடத்துக்கும் விசைக்காப்புக்கும் நடுவில், ஒரு குறுகிய தண்டவாளத்தில் மாட்டினேன். நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியிருக்க, கை அங்குதான் வருகிறது. உலோகப் பாகங்கள் பெரும்பாலும் பின்னாலேயே சேர்ந்துவிட்டதால் துப்பாக்கியின் எடை பின்னோக்கிச் சாய்ந்தது. முன்கட்டையின் உட்புறத்தில் ஓர் எஃகுப் பட்டையைப் பதித்த பின் நிலைப்பட்டது. மொத்த எடை 4 கிலோவுக்குள் அடங்கியது. 10 மீட்டர் போட்டிகளுக்குப் பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு வைத்திருக்கும் வரம்பு 5.5 கிலோ.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பல நாடுகளில் மரபு. ஈரக்காற்றில் அதன்மேல் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் எங்கள் ஊருக்கு அது ஆகாது. தச்சர்கள் போடும் அரக்கு பாலிஷ் பளபளக்கும், வியர்வை பட்டால் வெளுக்கும். பாலியூரித்தேனைத் தின்னரில் நீர்த்துத் துணியால் மெல்லிய பூச்சுகளாகத் தேய்த்தேன். வெளிப்பக்கத்தைவிட மூட்டின் உட்பக்கத்துக்கும் துளைகளுக்கும் கூடுதலாகப் பூசினேன், ஏனெனில் மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது நார் வெட்டுப்பட்ட முகத்தின் வழியாகத்தான்.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஒரு செய்தி வெளிப்பட்டது. பின்கட்டை மேலும் கீழுமாக ஊறிச் சற்றுப் பருத்தது. அதோடு சேர்ந்த மர இடைத்தகட்டின் நார் செங்குத்தாக ஓடியதால் அது அந்தப் போக்கில் பருக்கவில்லை. கோடையில் விரலுக்குத் தட்டுப்படாத மூட்டில், கார்த்திகையில் நகம் சிக்கியது. நார் ஒரே போக்கில் இருக்கும்படி தகட்டை வெட்டலாம் என்றால், அந்தக் கனத்தில் அது எளிதாகப் பிளந்துவிடும். எனவே இடைத்தகடுகளைக் கருப்பு அக்ரிலிக்கில் மாற்றி, ஒவ்வொரு மூட்டின் விளிம்பையும் ஒரு மில்லிமீட்டர் சாய்த்து இழைத்துவிட்டேன். சாய்ந்த விளிம்பில் நிழல் விழுவதால் பருவ வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை, கைக்கும் உறுத்துவதில்லை. மூட்டை மறைக்க முயல்வதைவிட அதைக் கோடாகவே காட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு.

பின்கட்டை, கன்னக்கட்டை, இடைத்தகடுகள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய பின்னும் குண்டுகள் முன்பு விழுந்த இடத்திலேயே விழுகின்றன. இயக்கப் பகுதியின் திருகுகளைத் தளர்த்தி முடுக்கினால் மட்டும் குண்டுகள் விழும் இடம் சிறிது நகர்கிறது, பார்வைக் குறியைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தத் திருகுகளின் தலையில் சிவப்புச் சாயத்தால் கோடு இழுத்து, கோடு விலகியிருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறோம்.

மீதமிருப்பது கைப்பிடிகள். இப்போதுள்ளது என் உள்ளங்கைக்குச் செதுக்கியது. மனைவிக்கு அதில் விசை எட்டுகிறது, தம்பி மகளுக்கு எட்டவில்லை. அவளுடைய கை இன்னும் வளரும் என்பதால் அவளுக்குப் பூவரசில் செதுக்காமல், விலை குறைந்த வேப்பமரத்தில் சுற்றளவு குறைந்த பிடி ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். போல்ட் துளையின் சாய்வு பழைய பிடியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், துளையிட வழிகாட்டும் எஃகு அச்சு ஒன்றை லேத் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.