தனியா கேட்டிருக்கலாம்லா

"தனியா கூப்ட்டுக் கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி."

எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தையும் உடற்தகுதிச் சான்றையும் என் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். நடந்தது ஆடி மாதம். அந்த 'லா' இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

நான் கேட்டது இதுதான்: "காய்ச்சலுக்கு ஐந்தருவித் தண்ணி நல்ல மருந்தோ தம்பி?" அவர் விடுப்பில் இருந்த நாலு நாளில் ஒரு நாள், அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குற்றாலத்துப் படம் பார்த்திருந்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த நாலு பேர் சிரித்தார்கள். அது போதாதென்று, "பொய் உதடுகள் கர்த்தருக்கு அருவருப்பானவைகள்" என்று நீதிமொழிகளையும் சேர்த்துச் சொன்னேன்.

விடுப்புக் கணக்கு என் பொறுப்பு. அரசு உதவி பெறும் பள்ளி, ஊர்ப் பணம். வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அதைத் தீர்த்துவிட்டு மருத்துவச் சான்றோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். கேட்டது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சான்றிதழ் சரியாகத்தான் இருந்தது. அந்தப் படம் அன்று எடுத்ததா, பழசா, அவர் அதில் இருந்தாரா என்றுகூட நான் நின்று பார்க்கவில்லை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது கண்ணில் பட்டது, தீர்ப்பும் அப்போதே முடிந்துவிட்டது.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குடும்ப ஜெபத்துக்கு முன்னால் அரை மணி நேரம் யூடியூப்பில் பிரசங்கம் கேட்பேன். கேட்பது குறைவு, கீழே எழுதுவதுதான் அதிகம். 'கள்ளப் போதகம்', 'மனந்திரும்புங்கள்' என்று போடுவேன். யாராவது 'ஆமென்' போட்டால் நிறைவாக இருக்கும். சத்தியத்துக்காக வைராக்கியம் காட்டுகிறேன் என்றே நம்பியிருந்தேன். அன்று காலை அந்த நாலு பேர் சிரித்தபோது எனக்குள் வந்ததும் அதே நிறைவுதான். இதை எழுதக் கை கூசுகிறது. தம்பியின் முகம் எனக்கு எதிரே இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் பார்த்ததோ பக்கத்தில் நின்ற நாலு பேரை.

தினமும் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோவிலைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன். 1826-இல் அந்தக் கோவிலைக் கட்டிய மிஷனரி ரேனியஸ் ஐயர், ஒரு புத்தகத்தைக் கண்டித்து எழுதியதற்காக 1835-இல் மிஷன் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். நம் சபைகள் இரண்டுபட்டு நின்றன. அவர் மனச்சாட்சிப்படிதான் எழுதினார். சங்கத்தின் தலைமை இருந்த லண்டனுக்குக் கடிதம் போய்வர மாதக்கணக்கான காலம் அது. அத்தனை அவகாசம் இருந்தும் பிளவு நிற்கவில்லை. எனக்கும் மனச்சாட்சி இருந்தது என்று சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். அவர் தன் வார்த்தைக்காகத் தன் பிழைப்பை இழந்தார்; நான் இழந்தது ஒன்றுமில்லை.

மத்தேயு 18:15 எனக்கு மனப்பாடம்: "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." தம்பி வேறு சபைக்குப் போகிறவர், எனக்கு வசனம் சொல்வதற்காக அவர் வரவில்லை. ஆனால் அவர் வாயில் வந்தது அந்த வசனத்தின் கருத்தேதான்.

ஒருவேளை அவர் பொய்தான் சொல்லியிருக்கலாம். அப்படியென்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று சில நாள் ஆசைப்பட்டேன். பிறகு அந்த ஆசையே என்னைப் பயமுறுத்தியது.

யூடியூப்பில் எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன். மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முறை ஆசிரியர் அறை வாசல் வரை போனேன். அவரைச் சுற்றி அந்த நாலு பேரும் இருந்தார்கள். தனியாக இருக்கும்போது கேட்போம் என்று திரும்பிவிட்டேன். நாலு பேர் முன்னால் சொன்னதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டால் போதுமா?