ஐந்துக்கு இரண்டு

அந்த விடைத்தாளை இன்று கொடுத்தாலும் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்தால் அப்படித் தோன்றாது.

கினபாலு மலையை ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுவந்தவள் நான்தான். பாடநூலில் அது கிடையாது. இமயமலை என்றால் பனி என்று பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். வடக்கே இருப்பதால்தான் குளிர்கிறது என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. அதை உடைக்கப் போர்னியோத் தீவின் அந்த மலை நல்ல உதாரணம். நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 6 டிகிரி வடக்கு. நம் வேலூரோ ஏறக்குறைய 13. ஆனாலும் 4095 மீட்டர் உச்சியில் சில விடியற்காலைகளில் தண்ணீர் உறைந்துவிடும். கடற்கரையில் 28 டிகிரி என்று வைத்து, உயரே போகும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 6.5 டிகிரி வீதம் கழித்தால், உச்சிக்கு ஒன்றரை டிகிரிகூட மிஞ்சாது. கரும்பலகையில் அந்தக் கணக்கு முடியும்போது எனக்கே ஒரு பெருமிதம்.

உச்சி முழுக்க மொட்டைக் கிரானைட் என்றும், பனியூழியில் பனியாறு அரைத்துவிட்டுப் போன வழவழப்பும் கீறல்களும் இன்னும் அதில் தெரிகின்றன என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

‘நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தும் கினபாலு உச்சி ஏன் குளிர்கிறது?’ என்று தேர்வில் கேட்டிருந்தேன். அந்த விடைத்தாளை எழுதியவள், நம் வேலூர்ச் சைதாப்பேட்டையில் மலைமேல் ஏறிக்கொண்டே போகும் வீடுகளில் ஒன்றிலிருந்து வரும் மாணவி. 6.5 கணக்கை ஒழுங்காக எழுதிவிட்டு, கீழே தொடர்ந்திருந்தாள்: “ஆனால் மரம் இல்லாத பாறை வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டின் பின்சுவரே மலைப்பாறைதான். மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்கும் அதில் முதுகு சாய்க்க முடியாது. ஆகவே கினபாலுவும் இரவில் சுடும்.”

மதிப்பெண் குறைந்தது ஏன் என்று தாளோடு வந்து கேட்டாள். “கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. பொதுத்தேர்வில் இந்தக் கதையை எல்லாம் யாரும் படிக்கமாட்டார்கள்” என்றேன்.

“கதை இல்லை மிஸ். வீட்டுக்கு வந்து தொட்டுப் பாருங்கள்.”

நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் வகுப்பே சிரித்தது.

அவளுடைய முடிவு தவறு. அதில் மாற்றமில்லை. வானிலைக் கூடத்து வெப்பமானி, நிழலில், தரைக்குச் சுமார் நான்கடி மேலே, வெள்ளைப் பெட்டிக்குள் இருந்து காற்றை அளக்கிறது. பாறையைத் தொடுவதே இல்லை. கினபாலு பாறையும் வெயிலில் சுடத்தான் செய்யும். ஆனால் முற்பகலிலேயே மேகம் மூடிக்கொள்ளும் நாட்கள் அங்கே மிகுதி. ஏறுகிறவர்கள் நள்ளிரவு கடந்து புறப்பட்டு விடியலில் உச்சியைப் பிடிப்பது அதனால்தான். போதாததற்கு, மெலிந்த காற்றில் இரவு வெப்பம் விரைவாக வெளியேறிவிடும்.

இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அப்போது எனக்கே இவ்வளவு கோவையாகத் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படித்துத்தான் காற்றையும் பாறையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டேன். அப்படியானால் எதை நம்பிச் சிரித்தேன்?

இன்னொன்றும் உறுத்துகிறது. நம் ஊர் மலை சில நூறு மீட்டர்தான். என் கணக்குப்படி ஒன்றிரண்டு டிகிரி குறையும். அந்தக் குறைவைச் சூடேறிய பாறை விழுங்கிவிடும். ‘மரமில்லா மலை’ என்று ஊரே கேலி பேசும் குன்றின் கீழே அவள் விதிதான் செல்லும், என்னுடையது கண்ணுக்கே தெரியாது. (வயதில் நம் பாறைதான் மூத்தது. இந்தப் பக்கத்துப் பாறைகள் 250 கோடி ஆண்டுகளைத் தொடுகின்றன. கினபாலுவின் கிரானைட்டுக்கு ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை. உயரத்தில் மட்டும் தோற்றுப்போனோம்.)

பதினொன்றாம் வகுப்பில் அவள் கணினி அறிவியல் பிரிவுக்குப் போய்விட்டாள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது. அந்தப் பிரிவில் இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கேள்வியை இப்போது மாற்றிவிட்டேன்: ‘உயரே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை ஏன் குறைகிறது?’ பாதி விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டீர்களே என்றார் உடன் பணியாற்றும் ஆசிரியை. திருத்துவது எளிதாகிவிட்டது, எல்லாத் தாளிலும் 6.5 வருகிறது. மலையோர வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்பிலும் இருக்கிறார்கள். ஒருத்திகூடப் பாறையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கேள்வியை மாற்றியதால் அப்படியா, அன்றைய சிரிப்பு இவர்கள் காதுக்கும் எட்டிவிட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை.