மாஸ்ரரின் றங்குப்பெட்டி

எங்கள் மாஸ்ரர் காலமாகிவிட்டார் என்று பழைய மாணவர் சங்கக் குழுவில் செய்தி வந்ததும் எல்லாரும் அவருடைய பிரம்பைப் பற்றியும் வெள்ளை வேட்டியைப் பற்றியும் எழுதினீர்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய றங்குப்பெட்டி.

அதற்குள் இருந்ததெல்லாம் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் சும்மா கொடுத்தவை. கலண்டர் மட்டைகள், கன்னாதிட்டி நகைக்கடைகளின் பெயர் போட்ட சின்னப் பேர்ஸ்கள், வின்சர், ராஜா தியேட்டர் நோட்டீஸ்கள், மில்க்வைற் சவர்க்கார மேலுறைகள். க.சி.குலரத்தினம் ஆசிரியராக இருந்த 'மில்க்வைற் செய்தி' இதழ்களை மட்டும் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். சவர்க்காரம் செய்கிற ஒருவர் ஊருக்காக ஒரு மாத இதழே நடத்தினார், பனங்கொட்டை நட வைத்தார் என்று சொல்லும்போது மாஸ்ரரின் குரலே மாறிவிடும்.

1984இல் ஒருநாள் சரித்திர பாடத்துக்கு இரண்டு கலண்டர் மட்டைகளைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே நகைக்கடையினுடையவை, ஒரே லட்சுமி படம். பழைய மட்டையின் அடியில் 'கிளை: செட்டியார் தெரு, கொழும்பு' என்று இருந்தது, அந்த வருஷத்து மட்டையில் அந்த வரி இல்லை. வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 83 ஆடியில் தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்த கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பிள்ளைகள் எங்களோடுதானே படித்தார்கள். ஒரு கடையின் விளம்பரத்தையும் சரித்திரமாக வாசிக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான், அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

1995 ஒக்ரோபர் 30, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவில் அவர் வயதான தாயைக் கூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த வருஷம் திரும்பியபோது வீட்டில் பெட்டி இல்லை. ரொறன்ரோவுக்கு எனக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி. அன்றைக்கு நானும் அங்கே இருந்திருந்தால் தூக்குவதற்கு இன்னும் இரண்டு கை இருந்திருக்கும் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் இப்படியானவற்றை நானே சேர்க்கத் தொடங்கினேன். இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தெரிந்த வீடுகளில் கேட்டால் கிடைக்கிறது. நகையை விற்றுத்தான் பலர் விமானம் ஏறினார்கள், ஆனால் கடைப் பேர்ஸை எறியவில்லை, அதற்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கும்.

மில்க்வைற் செய்தி இதழ்கள், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் ஏறிவிட்டன, மாஸ்ரர் கட்டி வைத்தவற்றுக்கு அதுவாவது ஈடு. மட்டையும் பேர்ஸும் நோட்டீஸும் இன்னும் உங்கள் அலுமாரிகளில்தான் கிடக்கின்றன. எனக்குத் தர வேண்டாம், படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள்.