ஒரே ஆலை, ஒரே வருடம், நான்கு தோட்டம்: பார்பரெஸ்கோ குடித்துப் பார்த்த குறிப்பு

தோட்டத்தின் பெயரைப் போட்டுவிட்டால் ஒயின் விலை ஏறிவிடுகிறது. மண்ணுக்கு மண் ருசி மாறும் என்கிறார்கள். மாறுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன். ஆனால் இரண்டு தயாரிப்பாளர்களின் பாட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் பிடிபடாது. ஒருவர் புதிய சின்ன பீப்பாயில் வைத்திருப்பார், இன்னொருவர் பழைய பெரிய பீப்பாயில். நாக்கில் தெரிவது மண்ணா, மரமா, கைப்பக்குவமா என்று எப்படிப் பிரிப்பது?

இதற்குத் தோதான இடம் இத்தாலியின் வடமேற்கில், பியெமோன்ட்டே மாநிலத்தில் இருக்கும் பார்பரெஸ்கோ. ஊருக்கும் அங்கே செய்யும் ஒயினுக்கும் ஒரே பெயர். அங்கே ப்ரொடுட்டோரி டெல் பார்பரெஸ்கோ என்றொரு விவசாயிகள் கூட்டுறவு. 1958-இல் ஊர்ப் பாதிரியார் சிறு விவசாயிகளைச் சேர்த்து ஆரம்பித்தது. முதல் சில வருட ஒயினைத் தேவாலயத்தின் அடித்தளத்திலேயே செய்தார்களாம். இன்றைக்கு 50-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், 100 ஹெக்டேருக்கு மேல் நெபியோலோ திராட்சை. நல்ல வருடங்களில் ஒன்பது தோட்டங்களின் பழத்தைத் தனித்தனியாக ஒயினாக்கி ரிசெர்வா என்று பாட்டிலில் அடைக்கிறார்கள். வருடம் சரியில்லை என்று பட்டால் தனித் தோட்டமே கிடையாது; எல்லாம் சாதாரண பார்பரெஸ்கோவில் கலந்துவிடும். எனக்கு முக்கியமானது, ஒன்பதுக்கும் திராட்சை ஒன்று, பக்குவம் ஒன்று, பெரிய பழைய பீப்பாய் ஒன்று. லேபிள்கூட ஒரே மாதிரிதான், தோட்டத்தின் பெயர் மட்டும் மாறும். சோதனை செய்ய நினைக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஒன்பதையும் வாங்கப் பணம் கட்டுப்படியாகாது. 2016-ஆம் வருடத்து அறுவடையில் செய்ததில் நான்கை எடுத்தேன்: அசீலி, ரபாயா, மொன்டெஸ்டெஃபானோ, போரா. அந்த வருடம் பழம் அவசரப்படாமல், நிதானமாகப் பழுத்த வருடம். அடுத்து வந்த 2017 வெயிலும் வறட்சியும். அப்படிப்பட்ட வருடத்தில் தோட்டத்தைவிட வெயிலின் குரல்தான் ஓங்கிக் கேட்கும் என்பது என் எண்ணம். தேர்வுக்கும் காரணம் உண்டு. அசீலியும் ரபாயாவும் ஒட்டியிருக்கும் தோட்டங்கள், நடுவில் வேலி இல்லை. போரா டனாரோ ஆற்றை நோக்கி இறங்கும் சரிவு. மொன்டெஸ்டெஃபானோ ஊருக்கு வடக்கே, தெற்கு வெயிலை முழுசாக வாங்கும் மேடு.

வண்டல் அடியில் தங்கட்டும் என்று பாட்டில்களை முந்தின நாளே நிமிர்த்தி வைத்தேன். மதியமே கார்க் எடுத்தாயிற்று. மனைவி காகிதம் சுற்றி அ, ஆ, இ, ஈ என்று எழுதினாள். எதில் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடிக்கக் கொஞ்சம் ரொட்டி, அவ்வளவுதான். நண்பர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த மிளகு வறுவலை சமையலறைக்கு அனுப்பிவிட்டோம். காரம் பட்ட நாக்கில் துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

ஊற்றியதும் புதியவர்கள் ஏமாந்துபோவார்கள். நெபியோலோ வெளிறிய சிவப்பு. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். ஓரத்தில் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். இவ்வளவு மெலிந்த நிறமா என்று அலட்சியமாகக் குடித்தால், அளவுக்கு மீறிக் கொதித்த டீ போல ஈறு வரைக்கும் இழுத்துப் பிடிக்கும்.

வாசனையை வைத்து எதையும் பிரிக்க முடியவில்லை. நான்கிலும் ரோஜா, காய்ந்த செர்ரி, கொஞ்சம் தார். ஆளுக்கொன்று சொன்னோம், பத்து நிமிடம் கழித்து அதே ஆள் வேறு சொன்னார். தோட்டத்துக்கு ஒரு பூ, தோட்டத்துக்கு ஒரு பழம் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இருந்த சந்தேகம் இன்னும் பலப்பட்டுவிட்டது.

வித்தியாசம் துவர்ப்பில் இருந்தது. 'இ' விழுங்கியதும் கடைவாய் இரண்டு பக்கமும் இறுகியது. ஒரு நிமிடம் கழித்தும் மேல் உதடு பல்லை விட்டு வரவில்லை. 'ஆ'வில் துவர்ப்பு முன்நாக்கிலேயே வந்து கரைந்துவிட்டது, பழம்தான் மிச்சம். காகிதத்தைப் பிரித்தபோது 'இ' மொன்டெஸ்டெஃபானோ, 'ஆ' போரா. இந்த இரண்டையும் மேசையில் இருந்த எல்லோரும் சரியாகப் பிரித்திருந்தார்கள். மொன்டெஸ்டெஃபானோவைப் பார்பரெஸ்கோவுக்குள் ஒரு பரோலோ என்று சொல்வது வழக்கம். பக்கத்து பரோலோ ஒயினுக்குத்தான் முரடு என்ற பெயர். அந்த வழக்குச் சொல்லில் நியாயம் இருக்கிறது.

அசீலி, ரபாயா கதை வேறு. இரண்டிலும் துவர்ப்பு நைசு. ஒன்று கொஞ்சம் அகலம், ஒன்று கொஞ்சம் மெலிவு. எது எது என்பதில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஒட்டிய தோட்டங்களுக்குத் தனித்தனி விலை கொடுப்பது குடிப்பதற்காக என்றால் எனக்கு அநாவசியமாகப் படுகிறது. சேர்த்து வைக்கிறவர்கள் பாடு வேறு.

மிச்சத்தைக் கார்க் போட்டு வைத்து மறுநாள் சாயங்காலம் பார்த்தேன். முந்தின நாள் எல்லோருக்கும் பிடித்த போரா தளர்ந்துபோயிருந்தது, பழம் மங்கிவிட்டது. மொன்டெஸ்டெஃபானோதான் அன்றைக்கு நன்றாக இருந்தது. இறுக்கம் விட்டு, முதல் நாள் அடங்கிக் கிடந்த ரோஜா மேலே வந்திருந்தது. இப்போதே திறப்பதற்கென்றால் நான் போராதான் வாங்குவேன். பத்து வருடம் இருட்டில் வைக்க இடமும் பொறுமையும் இருந்தால் மற்றது. இரண்டும் இல்லாதவருக்கு இதே ஆலையின் சாதாரண பார்பரெஸ்கோ போதும். விலை எவ்வளவோ குறைவு.

அடுத்து அந்த ஒன்பதில் இன்னொன்றான மொன்டெஃபீகோவை மொன்டெஸ்டெஃபானோவோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஊருக்கு வடக்கே, பக்கத்து மேடுதான். அசீலி–ரபாயா குழப்பம் அங்கேயும் வருகிறதா என்று தெரிந்துவிடும். 2016 மொன்டெஸ்டெஃபானோ இன்னொரு பாட்டில் கையில் இருக்கிறது. தேட வேண்டியது மொன்டெஃபீகோ மட்டும்தான்.