தச்சர் பெயர் எழுதிய ஜன்னல்

லிட்டில் மோர்ட்டன் ஹாலின் முன்னால் நின்றதும் என்னையறியாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால்தான் வீடு நேராகத் தெரிகிறது. இங்கிலாந்தின் செஷயரில், காங்கிள்டனுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு அகழி. அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மூன்று அடுக்கு வீடு.

மோர்ட்டன் குடும்பத்தார் 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, நூறு வருடம் விட்டு விட்டுக் கட்டியிருக்கிறார்கள். எலும்புக்கூடு முழுக்க ஓக் மரம். சட்டத்தோடு சட்டத்தைப் பொருத்தி, துளையில் மர முளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். சட்டங்களுக்கு இடையே மெல்லிய மரச் சிலாகை கட்டி மண் பூச்சு. இந்தக் கறுப்புச் சாயம் 19ஆம் நூற்றாண்டில் பூசியதாம். அதற்கு முன் மரம் சாம்பல் வெள்ளியாகவும் சுவர் காவி மஞ்சளாகவும் இருந்திருக்கிறது. எனக்கென்னவோ அதுதான் அழகாக இருந்திருக்கும் என்று படுகிறது.

சரி, வீடு ஏன் கோணியது? மாடியேறினால் புரிந்துவிடும். மழைநாளில் உள்ளேயே நடக்கவும் விளையாடவும் 68 அடியில் ஒரு நீளக் கூடம். வேலை தொடங்கிய பிறகு உதித்த ஆசை இது என்கிறார்கள். கீழ்த்தளங்களை இந்தப் பாரத்துக்காகப் போடவில்லை. கூரையோ கனமான கற்பலகை. கீழே சட்டங்கள் வளைந்துவிட்டன. கூடத்தின் தரை அலை அலையாக ஏறி இறங்குகிறது. நடக்கும்போது ஒரு கால் குட்டையான மாதிரி இருந்தது. அந்தக் காலத்து டென்னிஸ் பந்துகள் சுவர்ப் பலகைக்குப் பின்னாலிருந்து கிடைத்திருக்கின்றன. இந்தத் தரையில் எப்படித்தான் ஆடினார்களோ!

அப்புறம் முற்றம். அங்கே 1559இல் வைத்த, சுவரிலிருந்து வெளியே நீட்டிய இரண்டு பெரிய ஜன்னல் மாடங்கள், மேல் முகடுகள் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டியில் கோத்திருக்கிறார்கள். மேலே செதுக்கிய எழுத்து. வில்லியம் மோர்ட்டன் செய்வித்தார் என்று ஒரு வரி. பக்கத்திலேயே, 'தச்சர் ரிச்சர்ட் டேல் கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தார்' என்று இன்னொன்று. எசமான் பெயருக்குப் பக்கத்தில் தச்சர் பெயர்! 'கார்ப்பென்டர்' என்பதை 'கார்ப்பெடர்' என்றுதான் செதுக்கியிருக்கிறது. அண்ணாந்து இரண்டு மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.