‘மற்றவை’ என்ற பொத்தான்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் உதிரிப் பாகங்களை அச்சில் வார்த்தெடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறுப்பாளராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இயந்திரங்கள் அனைத்திலும் சென்சார் பொருத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு டேப்லெட்டை மாட்டி, உற்பத்திக் கணக்கைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்றுவதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதைத் தொழிலாளர்களுக்குப் புரியவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எட்டு மாதங்கள் பிடித்தன.

முதல் தவறு என்னுடையதே. இரவு வேலை முடிந்து வந்தவர்களைக் கேண்டீனில் உட்காரவைத்து, 2011இல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் இயந்திரங்களைக் கணினி வலையில் இணைத்து இயக்கும் முறைக்கு ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்ற பெயர் அறிமுகமானதையும், 2018 அக்டோபரில் நம் அரசாங்கம் அதற்கெனத் தேசியக் கொள்கை வெளியிட்டதையும் திரையில் காட்டி ஒன்றரை மணி நேரம் பேசினேன். பாதிப் பேர் பேருந்து நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் வந்தது ஒரே கேள்வி: “இதை மாட்டின பிறகு எத்தனை பேரை நிறுத்துவீங்க?” என்னிடம் பதில் இல்லை.

தொழிலாளர்கள் புதுமைக்குப் பயப்படுகிறார்கள் என்று அலுவலக அறைகளில் சொல்லப்படுவதை நான் நம்புவதில்லை. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் திறக்கப்பட்ட பிறகு, தோட்டத்திலிருந்தும் கம்பம் எனப்படும் கிராமங்களிலிருந்தும் வந்த பெண்கள்தாம் நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைக்கக் கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட் பெரிய விஷயமா? அவர்கள் கேட்டது வேலையைப் பற்றி. நான் சொன்னது தொழில்நுட்பத்தைப் பற்றி.

அடுத்த மூன்று வாரங்கள் மேலாளரின் அறைக்கு நடப்பதிலேயே கழிந்தன. இந்த மாற்றத்தைக் காரணம் காட்டி யாரையும் நீக்குவதில்லை என்றும், தாள்களைக் கணினியில் ஏற்றிவந்த இருவருக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அதே சம்பளத்தில் வேலை தரப்படும் என்றும் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்கி, மலாயிலும் தமிழிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதன் பிறகே பேச முடிந்தது.

டேப்லெட்டுகள் வந்தன. இயந்திரம் நின்றால் காரணத்தைத் தொட வேண்டும். திரையில் 32 காரணங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். முதல் மாதக் கணக்கில் பாதிக்கு மேல் ‘மற்றவை’ என்றே பதிவாகியிருந்தது. ஆட்களுக்கு அக்கறை இல்லை என்றார் பொறியாளர். நான் 11ஆம் எண் இயந்திரத்தின் அருகே ஒரு பகல் முழுவதும் நின்று பார்த்தேன்.

அங்கே இருந்த அக்கா நிபோங் திபாலிலிருந்து வருபவர். அந்த இயந்திரத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். அச்சு திறக்கும்போது பாகம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். உடனே பாதுகாப்புக் கதவைத் தள்ளி, பித்தளைக் கம்பியால் அதை நெம்பி எடுத்து, கதவை மூடி, மறுபடி ஓட்டுவார். அச்சின் எஃகில் கீறல் விழக்கூடாது என்பதற்காகத்தான் பித்தளை. இரண்டு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அடுத்த சுற்று ஓடத் தொடங்கியபின், 32 காரணங்களில் எதைத் தேடுவது? கையுறையோடு கடைசிப் பொத்தானைத் தொட்டுவிடுவார். “தண்ணி சரியா குளிரல தம்பி, அதான் ஒட்டுது. ஒரு வருசமா சொல்றேன், யாரு எழுதி வைக்கிறா?” என்றார்.

மறுநாள் இடைவேளையில் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து, அவருடைய இயந்திரத்தின் கணக்கையே மார்க்கரால் எழுதிக் காட்டினேன். 12 மணி நேரத்தில் ஓய்வு போக 660 நிமிடங்கள். பெரிய பழுதுகளுக்குப் போனவை 60, மிச்சம் 600. ஒரு சுற்றுக்கு 30 விநாடி என்றால் 1,200 பாகங்கள் வந்திருக்க வேண்டும், வந்தவை 1,020. அவற்றில் கழிவு 51, நல்லவை 969. நிற்காமல் ஓடியிருந்தால் 660 நிமிடங்களில் 1,320 கிடைத்திருக்கும் என்பதால், இயந்திரத்தின் மொத்தப் பயன்திறன் 73 விழுக்காடு. ஆனால் அக்காவின் கண் போனது அந்த விழுக்காட்டின் மேல் அல்ல. வராமல் போன 180 பாகங்களின் மேல் விரலை வைத்து, “இது எங்க போச்சு?” என்று கேட்டார். 180 பாகங்கள் என்றால் 90 நிமிடங்கள். பழைய தாளில் ஒருநாளும் ஏறாத அந்த இரண்டிரண்டு நிமிடங்கள்தாம் அவை என்று சொன்னபோது, பக்கத்து இயந்திரத்துக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

காரணங்களை ஒன்பதாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் மலாய், தமிழ்ப் பெயர்களும் போட்டோம். ‘அச்சில் ஒட்டியது’ முதல் இடத்தில். இரண்டு வாரப் பதிவு சேர்ந்ததும் பொறியாளரால் மறுக்க முடியவில்லை. அச்சைக் கழற்றிப் பார்த்தால், குளிர்நீர் ஓடும் துளைகளில் சுண்ணாம்பு போல் கசடு படிந்திருந்தது. சுத்தம் செய்து மாட்டிய பிறகு, ஒரு பகலில் நாற்பதுக்கும் மேலாக இருந்த ஒட்டல் ஏழெட்டாகக் குறைந்தது.

அந்த நல்ல பெயரை நாங்களே கெடுத்துக்கொள்ளவும் பார்த்தோம். கேண்டீன் வாசலில் ஒரு பெரிய திரையை வைத்து, இயந்திர வாரியாகச் சிவப்பு, பச்சை என்று எண்களைக் காட்டச் சொன்னது மேலிடம். எந்த இயந்திரத்தில் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சிவப்பு விழுந்தது ஆளின் மேல்தான். மூன்றே நாள்களில் பதிவுகள் மறுபடி ‘மற்றவை’க்குத் திரும்பின, அக்காவுடையதும்தான். நான் சண்டை போட்டு அந்தப் பட்டியலை எடுக்கவைத்தேன். இப்போது அதே திரையில், அந்த வாரம் புகாரான கோளாறும், அதைச் சரிசெய்ய வேண்டியவரின் பிரிவும், கெடு நாளும் ஓடுகின்றன. சிவப்பு இப்போது பராமரிப்புப் பிரிவின் பக்கம் விழுகிறது. அவர்களுக்கு என்மேல் வருத்தம்தான்.

வங்காளதேசத் தொழிலாளர்கள் அதிகமுள்ள இரவு ஷிஃப்டில் நிலைமை இன்னும் சரியாகவில்லை. படங்கள் இருந்தும், ‘பொருள் தீர்ந்தது’ என்பதற்கு நாங்கள் போட்ட படத்தை அவர்கள் குப்பைத் தொட்டி என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அட்டையும் மார்க்கருமாக நான் அங்கே போகிறேன். கூடவே வருவதாக 11ஆம் எண் அக்கா சொல்லியிருக்கிறார்.